அடக்கம் பண்ணினால் ஓடும்

நிறைமதிக்குத் தமிழ்ச் சொற்கள் மேல் கொஞ்சம் கிறுக்கு உண்டு. தஞ்சாவூரில் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் மற்றவர்கள் எல்லாம் ‘கன்ஃபைன்மென்ட்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள். சிறை என்றால் போலீஸ் வாடை அடித்தது. ஒடுக்கம் என்றால் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருந்தது. கடைசியில் ‘அடக்கம்’ அகப்பட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருப்பது அடக்கம். அடங்கியிருப்பதாலேயே ஒழுங்காக நடந்துகொள்வதும் அடக்கம். அவளுடைய திரவம் செய்கிற காரியமும் அதேதான். இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள். அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாபகப்படுத்த ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஐம்பது வயது இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“நான் சிங்காரவேலுங்க. கண்டக்டர் கலியமூர்த்தியோட தம்பி. ஊரு வேதாரண்யத்துக்குப் பக்கம், கீழமணல்மேடு.”

கண்டக்டர் கலியமூர்த்தியை யாரால் மறக்க முடியும்? ஓட்டம் போட்டுக்கொண்ட முதல் சிலரில் அவரும் ஒருவர்.

ஓட்டம் என்பது ஜனங்கள் வைத்த பெயர். இதயம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தில் கலக்கிற சமாச்சாரம் அது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்த்துகள்கள், ஒவ்வொன்றும் தானாகவே நீந்தும். அதனால் நிறைமதி அவற்றுக்கு நீந்திகள் என்று பெயர் வைத்திருந்தாள். அவை நீந்த நீந்த ரத்தமும் கூடவே நகரும். பம்ப் வேண்டாம், இதயமும் வேண்டாம். இதயத்தின் அறைகள் அகலமானவை, அங்கே போனால் நீந்திகள் வழி தெரியாமல் சுழல ஆரம்பித்துவிடும். அதனால் இதயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒடுக்கமான குழாய்ச் சுருள் ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். பெரிய ரத்தக்குழாய்களுக்குள்ளும் மெல்லிய வலையைச் செருகி இடத்தை நெருக்கமாக்குவார்கள். ஓட்டம் போட்டவர்களுக்கு நாடி கிடையாது. நெஞ்சில் காதை வைத்தால் துடிப்புக்குப் பதிலாக, ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி மெலிசாக ஓர் இரைச்சல் கேட்கும்.

அறுவைக்கு முன்னால் குடும்பத்தாரைக் கூட்டிவைத்து விளக்கம் சொல்வது நிறைமதியின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. மேஜைமேல் ஓர் அகலமான கண்ணாடித் தட்டு இருக்கும். அதில் பால் மாதிரி வெளுப்பாகக் கொஞ்சம் திரவம் இருக்கும். யாரும் தொடாமலே அது தட்டுக்குள் சுழிக்கும், கலையும், இன்னோர் இடத்தில் சுழிக்கும். அப்புறம் அதில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை வைப்பாள். திரவம் குழாய்க்குள் நுழைந்ததும் அலைச்சலெல்லாம் போய், ஒரே முகமாக விறுவிறுவென்று ஓடி மறுமுனையில் சொட்டும்.

“பாத்தீங்களா? தட்டுல இருக்கறதும் இதேதான், குழாயில இருக்கறதும் இதேதான். வெளியில விட்டா இலக்கில்லாம அலையும். அடக்கம் பண்ணினா ஓடும். அடக்கத்துல இருக்கிற வரைக்கும் நிக்கவே நிக்காது.”

கலியமூர்த்தி அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். “இதைத்தானேம்மா நான் காலமெல்லாம் பஸ்ஸுல கத்திக்கிட்டிருந்தேன்! வண்டி காலியா இருந்தா ஆளுக்கொரு மூலையில நிப்பான். நல்லா நெருக்கி அடைச்சாத்தான் எல்லாம் ஒரே பக்கமா நகரும். உள்ள போ, உள்ள போன்னு சும்மாவா சொன்னேன்?”

அறையே சிரித்தது. அவர் பக்கத்தில் இருந்த மனைவி பாக்கியவதி மட்டும் சிரிக்கவில்லை. குழாயின் நுனியில் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுங்க என்னத்த சாப்பிடும்?” என்று கேட்டாள். சர்க்கரை என்று நிறைமதி சொன்னாள்.

இப்போது சிங்காரவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணன் தவறிட்டாங்க.”

“அடடா. எப்போ?”

“தை மாசத்துலங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஈஸிசேர்ல சாஞ்சவங்க எந்திரிக்கல. மூச்சு இல்ல. ஆனா மொகம் அப்படியே இருக்கு, கை காலு சூடு ஆறல. ஊரு டாக்டர் வந்து கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, மூளை அடங்கிடுச்சு, இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லன்னாரு.”

நிறைமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இங்க ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ஓட்டம் போட்டவங்க இறந்துட்டா அமர்த்து மருந்து ஏத்தணும். இல்லாட்டி உடம்புல சர்க்கரை இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ரெண்டு மூணு நாள் ஆகும் நிக்கறதுக்கு.”

“மருந்தெல்லாம் யாருக்குங்க அப்ப தோணுச்சு?” என்றார் அவர். “எங்க ஜனத்துல எரிக்கிறதுதான் வழக்கம். சுடுகாட்டுல எல்லாம் அடுக்கியாச்சு. தூக்குற நேரத்துல அண்ணி குறுக்க விழுந்துட்டாங்க. எரிக்கக் கூடாது, அடக்கம்தான் பண்ணணும், டாக்டரம்மா தன் வாயாலயே சொல்லியிருக்காங்கன்னு ஒரே பிடியா நின்னுட்டாங்க. சரி, ஏதோ கிருமி சமாச்சாரம் போலருக்கு, டாக்டரு சொன்னா காரணம் இருக்கும்னு பெரியவங்களும் விட்டுக்குடுத்துட்டாங்க. வீட்டுக்குப் பின்னாடி மாங்கொல்லையில வச்சோம்.”

“எந்த டாக்டரம்மா?”

“நீங்கதாங்க.”

“நானா? நான் எப்போ அப்படி...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அடக்கம் பண்ணினா ஓடும். அவளுடைய குரலே, அந்த வாத்தியார்த்தனமான உற்சாகத்தோடு, காதுக்குள் திரும்ப வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

சிங்காரவேலு அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். “உங்கமேல குத்தம் சொல்ல வரலைங்க. அண்ணி ஒரு சொட்டு அழலை. பூவும் பொட்டுமா அந்தக் கொல்லையிலேயே உக்காந்திருக்காங்க. பதினாறாம் நாள் காரியம் பண்ண விடல. ஆளு இருக்கையில காரியமான்னு கேக்குறாங்க. குழியில ஒரு பிளாஸ்டிக் பைப்பை நட்டு வச்சுக்கிட்டு தினம் என்னமோ ஊத்துறாங்க. பாலு தெளிக்கிறாங்கன்னுதான் முதல்ல நெனச்சோம். அப்புறம் பாத்தா சீனித் தண்ணி.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நிறைமதிக்கு மட்டும் வியர்த்தது.

“ஊருல பைத்தியம்னு பேசுறாங்க. தோண்டி எடுத்து எரிச்சுடலாம்னு ஒரு கட்சி கிளம்பியிருக்கு. அப்படிப் பண்ணினா அண்ணி உசுர விட்டுடுவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். உங்க பேச்சை மட்டும்தான் கேப்பாங்க.”

குளிர்ப்பெட்டியிலிருந்து அமர்த்து மருந்து ஒரு புட்டியை எடுத்து ஐஸில் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கூடத்து ஜீப்பில் அவரோடு அப்போதே கிளம்பினாள். திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை சொல்ல வேண்டியதை அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த அடக்கம் வேறு, இந்த அடக்கம் வேறு. நான் சொன்னது குழாய், நீங்கள் செய்தது குழி. சொல்லிப் பார்க்கப் பார்க்க அது ஒரு கேலிப்பேச்சு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. ஒரு பெண் மூன்று மாதமாக அழாமல் இருக்கிறாள், அவளிடம் போய் அகராதியைப் பிரித்து வைக்கிறதா?

அதைவிட மோசமான ஒரு நினைப்பும் கூடவே ஏறி வந்தது. நீந்திகளை வளர்த்தபோது, காற்று குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிற இனமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவள் அவள்தான். சர்க்கரை கிடைத்தால் போதும், பெருகிக்கொள்ளும். உடம்பு இத்தனை நாளில் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். ரத்தக்குழாய் என்று எதுவும் மிச்சம் இருக்காது. அடக்கி வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் நீந்திகள் அலைந்து, சோர்ந்து, செத்திருக்கும். இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சாலையோரம் எல்லாம் வெறும் மணலாக மாற ஆரம்பித்தபோது அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கொல்லை வீட்டுக்குப் பின்னால் விரிந்து கிடந்தது. கால் புதைகிற வெண்மணல். பெரிய பெரிய மாமரங்கள், காய்த்துத் தொங்கின. ஒரு மரத்தடியில் மேடு, சற்றுத் தள்ளிக் கிணறு. மேட்டின் தலைமாட்டில் சாம்பல்நிறக் குழாய் ஒன்று முழ உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எவர்சில்வர் தூக்கோடு பாக்கியவதி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் வாடாத பூ. உடம்பு மட்டும் பாதியாக இளைத்திருந்தது.

“வாங்க டாக்டரம்மா. வருவீங்கன்னு தெரியும். தம்பி, உள்ள மோர் இருக்கு, அவங்களுக்குக் கொண்டாங்க. வெயில்ல வந்திருக்காங்க.”

பைத்தியத்தின் சாயல் கொஞ்சம்கூட இல்லாத குரல். அதுதான் நிறைமதியைக் கலக்கியது. அவள் மணலில் எதிரே உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

“பாக்கியவதிம்மா, அன்னிக்கு நான் சொன்ன அடக்கம் இது இல்லம்மா. குழாய்க்குள்ள நெருக்கமா அடங்கியிருக்கறத சொன்னேன். மண்ணுக்குள்ள வைக்கிறத சொல்லல. வார்த்தை ஒண்ணாப் போச்சு. என் தப்பு.”

“தெரியும். தம்பி பொண்ணு காலேஜுல படிக்குது, அது அப்பவே சொல்லிடுச்சு.”

“தெரிஞ்சுமா...”

“குழாயும் நெருக்கம், குழியும் நெருக்கம். ஓடினா என்னன்னு ஒரு நப்பாசை. அவங்களை நெருப்புல வைக்க மனசு வரல, கையில சூடு இருக்கையில எப்படி வைக்கிறது? நீங்க சொன்ன வார்த்தையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.”

நிறைமதி மணலைப் பார்த்தாள். “ஓடினது அவரு இல்லம்மா. நாங்க வளத்து விட்ட பூச்சிங்க. அவரு அன்னிக்கு ஈஸிசேர்லயே போயிட்டாரு.”

“எந்திரிச்சு வருவாங்கன்னு நான் உக்காந்திருக்கேன்னு ஊருல பேசிக்கிறாங்க. முதல்ல அப்படியும் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன். இப்ப இல்ல.” பாக்கியவதி தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். “ஆனா ஓடிக்கிட்டுல்ல இருக்கு? எங்க பக்கத்துல நாடி அடங்குற வரைக்கும் யாரும் வாய்விட்டு அழ மாட்டோம். பாதி வழியில இருக்கறவங்கள அழுது தள்ளக் கூடாது. அடங்கிடுச்சுன்னு கையைப் புடிச்சுப் பாத்து ஒருத்தர் சொல்லணும், அப்புறம்தான் அழுகை. அவங்களுக்குத்தான் நாடியே கிடையாதே. யாரு எதைப் புடிச்சுப் பாத்துச் சொல்றது? அந்த டாக்டரும் மூளை அடங்கிடுச்சுன்னாரே தவிர, ஆளு அடங்கிட்டாருன்னு சொல்லல. எனக்கு அழுகை இங்க வந்து நிக்குது.” தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள். “சோறு எறங்க மாட்டேங்குது.”

“இப்ப எதுவும் ஓடாதும்மா. இத்தனை மாசத்துக்குத் தாங்காது.”

“கைய வைங்க.”

“எங்க?”

“இந்த மேட்டுலதான். அழுத்தி வைங்க.”

நிறைமதி உள்ளங்கையை மணலில் வைத்தாள். மேலே சூடு, கொஞ்சம் அழுத்தினால் கீழே ஈரம். ஒன்றும் இல்லை. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது மணல் அவள் கையை மெல்ல ஒரு முறை தள்ளியது. அடங்கியது. மறுபடி தள்ளியது.

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“இருக்குல்ல?” என்றாள் பாக்கியவதி.

இருந்தது. நிறைமதி மறுபடியும் கையை வைத்தாள், இரண்டு கையையும் வைத்தாள், கடைசியில் வெட்கத்தை விட்டுக் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். நிதானமான துடிப்பு. தூங்குகிற மனுஷனின் நெஞ்சுக்கு இருக்கிற வேகம். அவளுக்கு விஷயம் விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ரத்தக்குழாய்கள் போனால் என்ன, மணல் இருக்கிறதே. மணலுக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கிற சந்துகள் பெரிய ரத்தக்குழாய்களைவிட நெருக்கமானவை. தோண்டிய குழியின் நீர் ஊறிய மணலே நீந்திகளுக்கு ஓர் உடம்பாகிவிட்டது. அதற்குள் அவை ஒரே முகமாக ஓடுகின்றன, ஓரத்தில் கெட்டிமண் இடிக்கிறது, எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன, இந்த ஓரத்தில் இடிக்கிறது, மறுபடி திரும்புகின்றன. மூடின இடத்தில் இப்படிப் போய்ப் போய் வரும் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பரிசோதனையில் ஒரு தடவைகூட வரவழைக்க முடிந்ததில்லை.

அந்த நேரத்தில் அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் தலைநீட்டியது. அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவங்க நெஞ்சுல தலை வச்சுத்தான் தூங்குவேன்,” என்றாள் பாக்கியவதி. கூச்சமில்லாமல், சும்மா தகவல் சொல்கிற மாதிரி. “ஓட்டம் போட்ட பெறகு ஒரே இரைச்சல். எனக்குத் தூக்கமே போயிடுச்சு. அவங்ககிட்ட சொல்லலை. பொழச்சுக் கெடக்காங்களே, அதுவே பெரிசு. இங்க வச்ச பெறகு கொஞ்ச நாள்ல துடிக்க ஆரம்பிச்சுது. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் இங்கயே படுத்துத் தூங்கினேன்.”

சிங்காரவேலு மோர்ச் செம்போடு வந்து நின்றார். அண்ணி சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். செம்பை வைத்துவிட்டு, வேலியோரம் எட்டிப்பார்க்கிற ஜனங்களை விரட்டப் போகிற சாக்கில் விலகிப் போனார்.

நிறைமதி ஐஸ் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்தாள். “இது அமர்த்து மருந்தும்மா. ஆஸ்பத்திரியில அன்னிக்கே போட்டிருக்க வேண்டியது. இதை ஊத்தினா நீந்திகள் நின்னுடும்.”

“ஊத்தாம விட்டா?”

“கிணத்துல கலந்தாலும் யாருக்கும் கெடுதல் இல்ல. வயித்துக்குள்ள போனா செத்துடும். ஆனா நீங்க இங்கயே உக்காந்திருப்பீங்களே.”

பாக்கியவதி அந்தப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தாள்.

“எனக்கும் முடியலை டாக்டரம்மா. விட்டுட்டுப் போகவும் முடியலை, இருக்கவும் முடியலை. ஊத்துங்க. ஆனா ஒண்ணு. நீங்க கைய வச்சுப் பாத்துட்டு, அடங்கிடுச்சுன்னு உங்க வாயால சொல்லணும். ஓடும்னு சொன்னவங்க நீங்கதானே? நின்னுடுச்சுன்னும் நீங்கதான் சொல்லணும். அப்பத்தான் நான் அழுவேன்.”

“சொல்றேன்.”

மருந்தை அவள் குழாயில் மெல்ல ஊற்றினாள். பாக்கியவதி ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொட்டு இறங்கியதும் தூக்கிலிருந்த சீனித் தண்ணீரைத் தூரத்தில் கொண்டுபோய் மணலில் கொட்டிவிட்டு வந்து, மேட்டுக்கு நாலடி தள்ளி, கிணற்றுப் பக்கமாக உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

நிறைமதி மேட்டில் கை வைத்துக் காத்திருந்தாள். மருந்து இறங்க நேரம் எடுத்தது. துடிப்பு முதலில் தடுமாறியது. ஒன்று தவறியது, அப்புறம் இரண்டு தவறின. பெருமூச்சு விடுகிற மாதிரி மணல் ஒரு தடவை எழும்பிவிட்டு அப்படியே கிடந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். கையின் கீழே வெறும் மண், வேறொன்றும் இல்லை. தன் கண்ணில் நீர் வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். பாவி மனசு, ஓர் உயிரைக் கொன்ற மாதிரி அடித்துக்கொண்டது.

எழுந்திருக்கலாம் என்று பக்கத்தில் கையை ஊன்றினாள். மேட்டுக்கு வெளியே, தோண்டாத தரையில்.

அங்கே துடித்தது.

அவள் கையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் இருந்தது. மெதுவாக, அதே நிதானத்தில். எப்போதோ ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. குழி அளவுக்குக் கொண்டுவந்த ஒரு புட்டி மருந்து குழிக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. சீனித் தண்ணீரை நிறுத்தினால் பட்டினியில் சாகுமா? தலைக்கு மேலே மாமரங்களைப் பார்த்தாள். பழமும் சருகுமாக உதிர்ந்து ஊறிக் கிடக்கிற மண், அடியெங்கும் வேர். சர்க்கரைக்கா பஞ்சம்? மணலோ கடற்கரைவரைக்கும் ஒரே மணல். இன்னொரு புட்டி என்ன, லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினாலும் எது எங்கே நிற்கும் என்று சொல்ல அவளால் முடியாது. உலகத்தில் யாராலும் முடியாது.

“டாக்டரம்மா,” என்றாள் பாக்கியவதி, குனிந்த தலை நிமிராமல். “ஆச்சா?”

சொல்லிவிடலாம் என்று நிறைமதி வாயைத் திறந்தாள். இல்லம்மா, இன்னும் ஓடுது. எவ்வளவு சுலபமான வாக்கியம், எவ்வளவு உண்மையான வாக்கியம். அதைச் சொன்னால் இந்தப் பெண் நாளைக்கும் தலையில் பூ வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பாள். அடுத்த தை மாதத்திலும் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே ஒரு நாள் சாய்ந்துவிடுவாள். வாழ்க்கையில் ஒரு முறைகூட அளந்து பார்க்காத எண்ணைக் குறிப்பேட்டில் எழுதாதவள் நிறைமதி.

“அடங்கிடுச்சும்மா,” என்றாள்.

சொன்ன பிறகுதான் பார்த்தாள். பாக்கியவதியின் கைகள் மணலில் பதிந்திருந்தன. அந்த இடம் மேட்டிலிருந்து நாலடி தள்ளி, கிணற்றுப் பக்கம். விரல்களைச் சுற்றியிருந்த மணல் துகள்கள் லேசாக எழும்பி, லேசாகச் சரிந்தன. மறுபடியும் எழும்பின.

பாக்கியவதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி நிறைமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எதிரில் இருப்பவள் எவ்வளவு தூரம் வருவாள் என்று அளக்கிற பார்வை. நிறைமதி கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

“நீங்க நல்லா வச்சுப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேம்மா.”

“அடங்கிடுச்சு?”

“அடங்கிடுச்சு.”

“சரி,” என்றாள் பாக்கியவதி. “டாக்டரே சொல்லியாச்சு.”

கைகளைத் தரையிலிருந்து எடுத்தாள். ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். தலையிலிருந்த பூவைப் பிய்த்து மேட்டின்மேல் வைத்தாள். அப்புறம் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்தது, வெளியே வரும்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தடுமாறியது, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டு பீறிட்டது. “என் ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களா!” என்ற அந்தக் குரலைக் கேட்டு வேலியோரம் நின்றிருந்த சிங்காரவேலு துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். பைத்தியம் என்று பேசியவர்களும் வந்தார்கள். பாக்கியவதியை நடுவில் வைத்து, தோளோடு தோள் அணைத்து, நெருக்கமாக வட்டம் கட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு அடியாக ஒப்பாரி எடுத்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உட்கார்ந்திருந்த தரை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை பேர் மாரடித்து அழும்போது தரை அதிரத்தானே செய்யும் என்று ஒருத்தியும் அதைக் கவனிக்கவில்லை.